அரசியல் யாப்பு வகுப்போரும் அவர்தம் பயிற்சியும்

‘யாப்பு’ என்னுஞ் சொல் தமிழிலே செய்யுளுக்கும் உரியது, அரசுக்கும் உரியது. கட்டுதல் என்பதே அதன் அடிப்பொருள். அசையும் சீரும் தளையும் அடியும் தொடையும் முறைப்படக் கட்டப்படுவது செய்யுள் யாப்பு. ஆள்வோர் அதிகாரமும் ஆளப்படுவோர் உரிமையும் முறைப்படக் கட்டப்படுவது அரசியல் யாப்பு. செய்யுள் யாப்பைக் கற்பித்தற்குக் காரிகை முதலிய நூல்கள் உள. காரிகை கற்றார் யாவரும் கவிஞராயினர் என்று கூறுவாரில்லை. ஆயினும் அதனைக் கற்கவே வேண்டா என்பாரும் இலர். அரசியல் யாப்பை வகுப்போர்க்கும் இத்தகைய கல்வி ஒன்று உண்டோ, உண்டெனின் அதனை யார் யாருக்குக் கற்பிப்பது என்னும் வினா, சென்ற முப்பது நாற்பது ஆண்டுகளாக உலகின் பல பாகங்களிலும் எழுந்துள்ளது.

உள்நாட்டுப் போரினின்றும் மீளும் நாடுகளிலேதான் இவ்வினா மிகக் கூர்மையாக எழுகின்றது. அமைதி நிலவும் நாட்டிலே யாப்பைத் திருத்த முற்படுவோர் பெரும்பாலும் சட்டமும் ஆட்சியும் பயின்றவர்கள். போரினின்றும் மீளும் நாட்டிலோ, நேற்றுவரை ஒருவரையொருவர் அழிக்க முயன்றவர்களே இன்று ஒரே மண்டபத்தில் அமர்ந்து, தம் மக்கள் இனி எவ்வாறு கூடி வாழ்வது என்பதை எழுத்தில் வகுக்க வேண்டியவராகின்றனர். அவர்களுட் காட்டிலிருந்து வந்தோர் உளர். சிறையிலிருந்து வந்தோர் உளர். பிறநாடுகளிற் பல்லாண்டு கரந்துறைந்தோர் உளர். யாப்பு நூலொன்றைக் கையால் தொட்டறியாதோரும் உளர்.

இரண்டாம் உலகப் போரை அடுத்த ஆண்டுகளில் இவ்வினாவிற்கு அத்துணை இடமிருக்கவில்லை. யாப்பு வேண்டிய நாடு யாப்பறிஞர் ஒருவரை அழைத்தது. அவர் வந்து வரைந்து கொடுத்துச் சென்றார். இவ்வகை அறிஞருள் ஈழநாட்டவர் நன்கறிந்தவர் சேர் ஐவர் ஜெனிங்ஸ் ஆவார். 1942 இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் உபவேந்தராகி 1955 வரை அப்பதவியை வகித்த அவர், டி. எஸ். சேனநாயக்காவுக்கு ஆலோசகராக நின்று 1944 ஆம் ஆண்டின் மந்திரிமார் நகலை உருவாக்க உதவினார். சோல்பரி யாப்புக்குப் பெரிதும் அடிப்படையாய் அமைந்தது அந்நகலே. பின்னர் அவர் பாகிஸ்தானுக்கு ஆலோசகரானார். மலாயாவுக்கு யாப்பு வகுத்த ரீட் ஆணைக்குழுவின் அங்கத்தவரானார். 1958 இல் நேபாளத்துக்கும் சென்றார்.

நேபாளத்திற் கதை சிறிது வேறானது. 1951 ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம், ராணா குடும்பத்தினரின் ஆட்சி முடிவுற்றபோது, மன்னர் திரிபுவன் தம் குடிகளுக்கு ஒரு வாக்குறுதி அளித்தார். மக்களே தெரிந்தெடுக்கும் அரசியல் நிர்ணய சபையொன்று வகுக்கும் யாப்பின்படி நாடு ஆளப்படும் என்பது அது. அச்சபை கூடவில்லை. அவர் மகன் மகேந்திரர் சிறியதொரு குழுவை நியமித்து, ஜெனிங்ஸின் துணையுடன் யாப்பை வரைவித்து, 1959 பெப்ரவரி 12 ஆம் நாள் அதனைத் தம் கொடையாகப் பிரகடனஞ் செய்தார். தேர்தல் நடந்தது, பீ. பீ. கொய்ராலா பிரதம மந்திரியானார். 1960 டிசம்பர் 15 ஆம் நாள் மன்னர் அதே யாப்பு வழங்கிய அவசரகால அதிகாரத்தைக் கொண்டே மந்திரிசபையையும் பாராளுமன்றத்தையும் கலைத்தார். இரண்டாண்டு கூட நிறையவில்லை.

இதனை ஜெனிங்ஸின் புலமைக் குறைவெனக் கொள்ளுதல் நேர்மையன்று. அவர் பங்குகொண்ட ஆணைக்குழு வகுத்த மலாயா யாப்பு, மலேசியாவின் யாப்பாகப் பல திருத்தங்களுடன் இன்றளவும் நிலைபெற்றுள்ளது. நேபாளத்து யாப்பு வீழ்ந்தபோது அதனைத் தமதெனக் கருதித் தாங்க முன்வந்தோர் மிகச் சிலரே. வகுத்த காலத்தில் அவர்கள் எவரும் அருகே இருத்தப்படவில்லை என்பதே அதற்குக் காரணம்.

அக்காலத்திலேயே வேறொரு வழியைக் கண்டவர் இந்தியாவின் சேர் பெனகல் நரசிங்கராவ் ஆவார். 1946 இல் அரசியல் நிர்ணய சபைக்கு யாப்பு ஆலோசகராக நியமனம் பெற்ற அவர், முதலில் நகல் எதையும் எழுதவில்லை. உலக நாடுகளின் யாப்புக்களிலிருந்து வேண்டிய பகுதிகளைத் திரட்டி, ‘யாப்பு முன்னுதாரணங்கள்’ என்ற தலைப்பில் தொகுதிகளாக அச்சிட்டு அங்கத்தவர்க்கு வழங்கினார். அடுத்து ஒரு வினாக்கொத்தை அனுப்பினார். நாட்டின் தலைவர் எவ்வாறு தெரிவு செய்யப்படல் வேண்டும், அவருக்கு உரிய அதிகாரம் யாது என்றவாறு வினாக்கள் அமைந்திருந்தன. விடை கூற வேண்டியவர் படிக்க வேண்டியவராயினர். நல்லாசிரியர் எவரும் கையாளும் முறைதான் இது. அவரே 1947 இன் பிற்பகுதியில் அமெரிக்கா, கனடா, அயர்லாந்து, பிரித்தானியா ஆகிய நாடுகளுக்குச் சென்று நீதிபதிகளையும் அறிஞர்களையும் கண்டு கலந்துரையாடினார். எனினும் இந்தியச் சபையில் இருந்தோருட் பலர் முன்னரே சட்டமன்றங்களிற் பழகியவர்கள். அவர்களுக்குத் தேவைப்பட்டது நூலகமே. ஒருவரை ஒருவர் நம்பாத பகைவர் கூடிய சபைக்கு நூலகம் மாத்திரம் போதுமா என்பதைத் தென்னாபிரிக்காவிலேதான் காணலாம்.

தென்னாபிரிக்க யாப்பின் கதையைப் பெரும்பாலோர் 1990 பெப்ரவரியில் நெல்சன் மண்டேலா விடுதலையான நாளிலிருந்து தொடங்குவர். கல்வியின் நோக்கிற் கருதின் அது நான்கு ஆண்டுகள் முன்னரே தொடங்கிவிட்டது. 1986 ஜனவரியில், வெற்றியின் அறிகுறி சிறிதும் தோன்றாத காலத்தில், சாம்பியாவின் தலைநகராகிய லுசாக்காவிலே ஆபிரிக்க தேசிய காங்கிரஸ் ஒரு யாப்புக் குழுவை அமைத்தது. ஆயுதப் போராட்டத்தில் ஈடுபட்ட இயக்கமொன்று, அடிப்படை உரிமைகள் பற்றியும், நீதித்துறையின் சுதந்திரம் பற்றியும், பல கட்சி ஆட்சி பற்றியும் உட்கார்ந்து விவாதித்தது அன்று பலருக்கு வீண் வேலையாகத் தோன்றியிருக்கக்கூடும். இரண்டாண்டு உழைப்பின் பயனாக 1988 இல் ‘யாப்பு வழிகாட்டி நெறிகள்’ வெளிவந்தன. அக்குழுவில் இருந்த அல்பி சாக்ஸ் என்னும் சட்ட அறிஞர் அதே ஆண்டு ஏப்பிரலில் மொசாம்பிக்கின் தலைநகராகிய மாப்புட்டோவிற் குண்டு வெடிப்புக்கு இலக்காகி வலக்கரத்தையும் ஒரு கண்ணின் பார்வையையும் இழந்தார். தேறியபின் அவர் மீண்டும் எடுத்துக்கொண்ட பணி உரிமைச் சாசனம் எழுதும் பணியே.

எதிர்த்தரப்பிலும் ஒரு கல்வி நிகழ்ந்தது. 1986 இல் நிறவெறி அரசின் நீதி மந்திரி, இனக்குழுக்களின் உரிமைகளை ஆராயுமாறு அந்நாட்டுச் சட்ட ஆணைக்குழுவைப் பணித்தார். வெள்ளையர் என்னுங் குழுவுக்குத் தனிப் பாதுகாப்புக் கிடைக்க ஒரு வழி காணப்படும் என்பதே அரசின் எதிர்பார்ப்பு. 1989 இல் வெளிவந்த ஆய்வறிக்கையோ, மொழியையும் பண்பாட்டையும் காத்தற்கு ஒவ்வொருவருக்கும் உரிய தனிமனித உரிமைகளே தக்க கருவி என்றும், யாவர்க்கும் வாக்குரிமை வேண்டும் என்றும் கூறிற்று. தாம் அமர்த்திய ஆசிரியரே தம் பாடத்தைத் திருத்திவிட்ட நிலையில் அரசினர் நின்றனர். இவ்வாறு இரு தரப்பாரும், ஒருவரையொருவர் காணாமலே, ஒரே பாடத்தின் ஒரே பகுதிக்கு வந்து சேர்ந்திருந்தனர். பேச்சுவார்த்தை தொடங்கியபோது ‘உரிமைச் சாசனம் வேண்டுமா?’ என்பது வினாவாக இருக்கவில்லை, ‘எத்தகைய சாசனம்?’ என்பதே வினாவாயிற்று.

ஆயினும் நூலறிவு கொலையைத் தடுக்கவில்லை. 1991 டிசம்பர் 20 இல் கெம்ப்டன் பார்க்கிலே 19 அமைப்புக்கள் கூடி மாநாடு தொடங்கின. 1992 ஜூன் மாதத்திற் பொய்ப்பட்டோங் என்னும் குடியிருப்பில் 40 க்கு மேற்பட்டோர் ஓரிரவிற் கொல்லப்பட்டனர், பேச்சு முறிந்தது. முறிந்த பேச்சின் நூலை விடாது பிடித்திருந்தவர் இருவர்: காங்கிரஸின் செயலாளராகிய சிரில் ரமபோசா, அரசின் மந்திரியாகிய ரோல்வ் மையர். இவ்விருவரும் முந்திய ஆண்டு மீன்பிடிக்கச் சென்றவிடத்து மையரின் கையில் தூண்டில் முள் ஏறிவிட்டது என்றும், ரமபோசாவே அதனை எடுத்துவிட்டார் என்றும் கூறுவர். தொழிற்சங்கத் தலைவராய்ப் பல ஆண்டுகள் சுரங்க முதலாளிகளுடன் பேரம் பேசிப் பழகியவர் ரமபோசா. எந்த இடத்தில் விட்டுக்கொடுப்பது, எந்த இடத்தில் எழுந்து செல்வது என்பதை அவர் கற்ற பள்ளிக்கூடம் அதுவே. 1992 செப்டெம்பர் 26 இல் இரு தரப்பும் மீண்டும் உடன்பாடு கண்டன.

உடன்பாட்டின் விளைவாக எழுந்த முறை கவனிக்கத்தக்கது. முதலிற் கட்சிகள் கூடி இடைக்கால யாப்பொன்றையும், இறுதி யாப்பு மீறலாகாத 34 நெறிகளையும் வகுத்தன. பின்னர் 1994 ஏப்பிரலிற் பொதுத் தேர்தல் நடைபெற்று, 490 பேர் கொண்ட அரசியல் நிர்ணய சபை கூடிற்று. அச்சபைக்கு இரண்டாண்டுத் தவணை விதிக்கப்பட்டது. அது வகுக்கும் யாப்பு 34 நெறிகளுக்கும் இயைந்ததா என்பதை யாப்பு நீதிமன்றம் ஆராய்ந்து சான்றளித்தல் வேண்டும். சிறுபான்மையினராய்த் தோற்பது உறுதி என்று அறிந்த கட்சியும், தோற்றபின் தனக்கு என்ன நேரும் என்பதை முன்கூட்டியே அறிந்திருந்தது. அச்சமே போரின் வித்து எனின், இம்முறை அதன் வேரிலேயே கைவைத்தது எனலாம்.

சபை தன் அங்கத்தவர்க்கு மாத்திரமன்றி நாட்டுக்கும் வகுப்பெடுத்தது. ‘யாப்புப் பேச்சு’ என்னும் பெயரில் ஒரு செய்தித்தாள் வெளிவந்தது. வானொலியில் நிகழ்ச்சி நடைபெற்றது. அங்கத்தவர்கள் கிராமங்களுக்குச் சென்று கூட்டம் நடத்தினர். யாப்பு என்பது யாது என்பதிலிருந்தே பல இடங்களிலே தொடங்க வேண்டியிருந்தது. இருபது இலட்சம் வரையிலான விண்ணப்பங்கள் வந்தன. அவற்றுட் பெரும்பாலானவை ஒரே வாசகத்தின் கீழ் ஒப்பமிட்ட மனுக்களே என்பதையும் மறைத்தல் ஆகாது. மொழிநடையை எளிதாக்குதற்குக் கனடாவிலிருந்து வல்லுநர் ஒருவர் வரவழைக்கப்பட்டார். ஆங்கிலச் சட்டங்களில் நெடுங்காலம் வழங்கிய ‘ஷல்’ என்னுஞ் சொல் நீங்கி, யாவர்க்கும் விளங்கும் ‘மஸ்ட்’ என்னுஞ் சொல் அவ்விடத்தில் அமர்ந்தது அவ்வாறுதான். 1996 மே 8 இல் யாப்பு நிறைவேறிற்று. செப்டெம்பரில் நீதிமன்றம் அதனை ஏற்க மறுத்துச் சில பகுதிகளைத் திருத்துமாறு திருப்பியனுப்பிற்று. அல்பி சாக்ஸ் அப்போது அந்நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்தார். திருத்திய யாப்பு டிசம்பரிற் சான்று பெற்றது. மண்டேலா அதில் ஒப்பமிட்டது 1996 டிசம்பர் 10 ஆம் நாள், 1960 இல் 69 பேர் சுட்டுக்கொல்லப்பட்ட சாப்வில் என்னுமிடத்தில். லுசாக்காவில் தொடங்கிய பாடம் முடிவதற்குப் பதினோராண்டு சென்றிருந்தது.

தென்னாபிரிக்கரின் பெயர் பரவவே, பிறநாட்டார் அவர்களிடம் கற்க வந்தனர். 1997 இல் வட அயர்லாந்தின் கட்சித் தலைவர்கள் தென்னாபிரிக்காவின் தென்கோடியிலுள்ள ஆர்னிஸ்டனுக்கு அருகே கூடினர். ஒன்றியக் கட்சியினர் சின் பெயின் கட்சியினருடன் ஒரே கூரையின்கீழ்த் தங்க மறுத்தனர். தங்குமிடமும் உணவிடமும் தனித்தனியே ஏற்பாடாயின. மண்டேலா ஒரே செய்தியை இரண்டு முறை, இரண்டு கூட்டத்தாருக்குத் தனித்தனியே கூற வேண்டியதாயிற்று. மக்களை நிறம்பற்றிப் பிரித்துவைத்த கொள்கையை அப்பொழுதுதான் களைந்தெறிந்த நாட்டிலே இத்தகைய ஏற்பாடு! அங்கே எவரும் சட்ட வாசகம் கற்பிக்கவில்லை. பகைவராய் இருந்த இருவர் ஒருவரையொருவர் எவ்வாறு நம்பத் தொடங்கினர் என்பதை அவ்விருவர் வாயிலாகவே கேட்பதுதான் பாடம். 1998 ஏப்பிரல் 10 இல் வட அயர்லாந்து உடன்படிக்கை கைச்சாத்தானபோது, ஆர்னிஸ்டனுக்குச் சென்றிருந்த பலர் அதன் பின்னணியில் இருந்தனர். உடன்படிக்கைக்கு வேறு காரணங்கள் பல உண்டு. எனினும் அப்பயணம் பயனற்றதென அவர்களுள் எவரும் கூறியதாகத் தெரியவில்லை.

அன்று தொட்டு இப்பயிற்சி ஒரு துறையாகவே வளர்ந்துவிட்டது. சுவீடனின் தலைநகராகிய ஸ்டொக்கோமில் 1995 இல் நிறுவப்பட்ட ஐடியா என்னும் பன்னாட்டு நிறுவனம் 2011 இல் யாப்பமைப்புக்கு ஒரு வழிகாட்டி நூலை வெளியிட்டது. ஐக்கிய நாடுகள் தாபனமும், யேர்மனியின் ஹைடல்பேர்க்கிலுள்ள மக்ஸ் பிளாங்க் ஆய்வு நிறுவனமும், மெல்பேண் பல்கலைக்கழகமும் இத்துறையில் ஈடுபட்டுள்ளன. ஆட்சி முறையின் வகைகள், தேர்தல் முறைகள், சமஷ்டியின் பேதங்கள், உரிமைகளை வரையும் விதம், குழுக்களை நடத்தும் விதம், மக்கள் கருத்தைத் திரட்டும் விதம் முதலியன பாடங்கள். பாடத்திட்டத்திற் குறை காண்பது எளிதன்று. குறை, வகுப்பறையில் யார் அமர்ந்திருக்கிறார் என்பதில் உள்ளது. மீண்டும் நேபாளத்துக்குச் செல்லின் இது விளங்கும்.

1996 முதல் 2006 வரை அந்நாட்டில் மாவோவாதிகளுக்கும் அரசுக்கும் நடந்த போரில் 13,000 க்கு மேற்பட்டோர் மாண்டனர். 1951 இல் மன்னர் அளித்து மறந்த வாக்குறுதியாகிய அரசியல் நிர்ணய சபையே கிளர்ச்சியாளரின் முதன்மையான கோரிக்கைகளில் ஒன்றாக இருந்தது. 2006 நவம்பரிற் சமாதான உடன்படிக்கை ஏற்பட்டது. 2007 ஜனவரியில் இடைக்கால யாப்பு வந்தது. அதனை வரைந்தோர் சமஷ்டி என்னுஞ் சொல்லை அதிற் சேர்க்கவில்லை. சில நாட்களுக்குள் தென்சமவெளியாகிய தராயில் வாழும் மாதேசி மக்கள் வீதிக்கு வந்தனர், உயிர்கள் பலியாயின, சில மாதங்களுக்குள் யாப்பு திருத்தப்பட்டுச் சமஷ்டி உறுதியளிக்கப்பட்டது. நூல் கற்றோருக்கு வீதி புகட்டிய பாடம் இது.

2008 ஏப்பிரலில் தேர்தல் நடந்து 601 பேர் கொண்ட சபை அமைந்தது. அதில் மூன்றிலொரு பங்கினர் பெண்கள். தாழ்த்தப்பட்ட சாதியினரும், மலைவாழ் இனத்தினரும், தராய் மக்களும், முன்னாட் போராளிகளும் அதில் இருந்தனர். பள்ளிப் படிப்பைப் பெரிதும் பெறாதோரும் உளர். நேபாளம் அதுகாறும் கண்டிராத சபை அது. பயிற்றுவோர் பலர் காத்மண்டுவுக்கு வந்தனர். பப்புவா நியூகினியிலும் கென்யாவிலும் யாப்புப் பணி செய்து பழுத்த அனுபவம் பெற்ற கென்ய அறிஞர் யாஷ் காய், ஐக்கிய நாடுகள் அபிவிருத்தித் திட்டத்தின் ஆலோசனைப் பிரிவுக்குத் தொடக்கத்தில் தலைமை தாங்கினார். யாப்பு உரையாடல் நிலையம் என்னும் ஒரு நிலையம் அங்கத்தவர்க்கெனத் திறக்கப்பட்டது. நூலகம், விரிவுரை, கலந்துரையாடல் யாவும் அங்கே கிடைத்தன. அங்கத்தவர் பலர் வெளிநாடுகளுக்கும் சென்று கண்டு மீண்டனர்.

அவர்கள் கற்கவில்லை என்று கூறுதல் பெரும் பிழை. சபையின் துறைக் குழுக்கள் தத்தம் அறிக்கைகளை எழுதி முடித்தன. அரசை மீளமைக்கும் குழு 2010 ஜனவரியில் 14 மாகாணங்கள் கொண்ட ஒரு திட்டத்தைப் பெரும்பான்மை வாக்கால் அங்கீகரித்தது. உரிமைகள் பற்றியும் பண்பாடு பற்றியும் கட்சி வேற்றுமையைக் கடந்து பல இடங்களில் இணக்கம் காணப்பட்டது. ஆனாற் கட்சிகளின் பெருந்தலைவர்கள் அக்குழுக்களில் அமர்ந்து கற்கவுமில்லை. குழுக்கள் கண்ட முடிவுகளைத் தமக்குரியனவாகக் கொள்ளவுமில்லை. மாகாணங்களின் எல்லையும் பெயரும், ஆட்சித் தலைவரின் அதிகாரமும் தலைவர்களின் இல்லங்களிலும் விடுதிகளிலும் பேசப்பட்டன. கற்றவர் முடிவு செய்யவில்லை. முடிவு செய்தவர் கற்கவில்லை.

மற்றொரு தீங்கும் உண்டு. பல நாட்டு எடுத்துக்காட்டுக்களைக் கற்ற கட்சியினர், தம் கருத்துக்கு இசைந்த நாட்டை மாத்திரம் தெரிந்தெடுத்துக்கொண்டனர். ஒருவர் சுவிற்சர்லாந்தைக் காட்ட, மற்றொருவர் இந்தியாவைக் காட்ட, வேறொருவர் யூகோசிலாவியா சிதறியதைக் காட்டி அச்சுறுத்தினார். தனித்தனியே கற்பித்தாற் கல்வியும் படைக்கலமாகிவிடும். இரு தரப்பையும் ஒரே வாங்கில் இருத்திக் கற்பித்தலே இதற்கு மருந்து. அது எளிதன்று என்பதற்கு ஆர்னிஸ்டன் சான்று.

இரண்டாண்டுத் தவணை நான்கு முறை நீடிக்கப்பட்டது. இனி நீடித்தல் ஆகாது என உயர் நீதிமன்றம் விதித்தபின், 2012 மே மாத இறுதியிற் சபை யாப்பு எதனையும் வகுக்காமலே கலைந்தது. 2013 நவம்பரில் இரண்டாவது சபை தெரிவாயிற்று. முதலாஞ் சபையிற் பயின்ற பலர் இதில் இடம்பெறவில்லை. 2015 ஏப்பிரலில் நேர்ந்த பெரும் பூகம்பத்தின் பின்னர்த் தலைவர்கள் விரைந்து 16 அம்ச உடன்பாட்டுக்கு வந்தனர். மக்கள் கருத்தைக் கேட்கச் சில நாட்களே ஒதுக்கப்பட்டன. 2015 செப்டெம்பர் 20 ஆம் நாள் யாப்பு பிரகடனமாயிற்று. சபையிலே 507 பேர் ஆதரித்து வாக்களித்தனர். தராயிலோ அவ்வாண்டு நடந்த கலவரங்களில் 40 க்கு மேற்பட்டோர் இறந்தனர். மாதேசி கட்சிகள் பெரும்பாலும் வாக்கெடுப்பைப் புறக்கணித்தன. நாடெங்கும் விளக்கேற்றிய அவ்விரவில் தராயின் பல ஊர்கள் இருளில் இருந்தன. ஏறத்தாழ நான்கு மாதத்தில் யாப்புக்கு முதலாவது திருத்தம் தேவைப்பட்டது.

பத்து ஆண்டுகள் பெரும் பொருள் செலவிட்டு நேபாளத்துக்கு அளித்த பயிற்சி விழலுக்கு இறைத்த நீரோ எனக் கேட்போர் உளர். அவ்வாறு கொள்ளுதற்கில்லை. அந்த யாப்பின் உரிமைகள் பற்றிய பகுதியை வாசிப்போர், தாழ்த்தப்பட்டோர்க்கும் பெண்களுக்கும் அதில் அளிக்கப்பட்ட இடத்தைக் காணலாம். முதலாஞ் சபையின் குழுக்களில் அமர்ந்து கற்றவர்களின் கையொலி அங்கே கேட்கின்றது. பெண்கள் தம் பிள்ளைகளுக்குக் குடியுரிமை வழங்கும் விடயத்தில் ஆணுக்குச் சமமாக வைக்கப்படவில்லை என்ற குறையும் அதே யாப்பில் உண்டு; அது தலைவர்கள் தீர்த்த விடயங்களுள் ஒன்று.

யாப்பு வந்தபின் பயிற்சி வேறோரிடத்துக்குச் சென்றது. 2017 இல் நேபாளத்தின் 753 உள்ளூர் அமைப்புக்களுக்கும் தேர்தல் நடைபெற்றது. யாப்பின் 217 ஆம் உறுப்புரையின்படி ஒவ்வோர் அமைப்பிலும் மூவர் கொண்ட நீதிக் குழு ஒன்று இருத்தல் வேண்டும். துணைத் தலைவரே அதற்குத் தலைவர். தலைவர், துணைத் தலைவர் என்னும் இரு பதவிகளுக்கும் ஆட்களை நிறுத்தும் கட்சி, அவர்களுள் ஒருவரேனும் பெண்ணாக இருக்குமாறு நிறுத்த வேண்டும் என்பது சட்டம். கட்சிகள் தலைமைப் பதவியை ஆண்களுக்கும் துணைப் பதவியைப் பெண்களுக்கும் ஒதுக்கினமையால், வாய்க்கால் நீர், வேலி எல்லை, பயிர்ச் சேதம், கொடாத கூலி முதலிய வழக்குகளைக் கேட்கும் பொறுப்பு, சட்டம் பயின்றிராத பல நூறு கிராமப் பெண்களிடம் வந்து சேர்ந்தது. அவர்களுக்கென நடைபெற்ற வகுப்புக்களில் சுவிற்சர்லாந்தும் கனடாவும் பாடங்களல்ல. முறைப்பாட்டை எவ்வாறு பதிவது, இரு பக்கத்தாரையும் எவ்வாறு ஒருங்கே அழைத்து இருத்துவது, இணக்கம் ஏற்படாவிடின் வழக்கை எந்த நீதிமன்றுக்கு அனுப்புவது என்பனவே அங்கே கற்பிக்கப்பட்டன.